ராத்திரியில் திரும்பி வந்த பழைய கம்பெனி பெயர்



கொஞ்சம் நீளமான பதிவு. காபி போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள். பாதியில் கம்ப்யூட்டர் சமாச்சாரம் வரும். "டீச்சருக்கு ஏன் இந்த வேலை" என்று சிரிக்க வேண்டாம். மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கேட்டுப் புரிந்துகொண்ட பிறகுதான் எழுதுகிறேன். தப்பு இருந்தால் விவரம் தெரிந்தவர்கள் திருத்துங்கள்.

போன மாதம் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பையன் வீட்டுக்கு வந்தான். பையன் என்ன பையன், முப்பது தாண்டிவிட்டது, ஒரு பெண் குழந்தை இருக்கிறது. ஒரகடம் சிப்காட் பக்கம் கார்களுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கிறான். கம்பெனி பெயர் வேண்டாம். வந்தவன் தண்ணீர் குடித்தான், வாழைப்பழம் சாப்பிட்டான், பத்து நிமிஷம் கழித்து, "டீச்சர், எனக்கு மெமோ கொடுத்துட்டாங்க" என்றான். சின்ன வயதில் சிலேட்டு உடைந்தபோது எப்படி நின்றானோ அதே முகம்.

நடந்தது இதுதான். அவன் வேலை பார்க்கும் கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கிவிட்டது. நம் பக்கத்தில் இது புதிதல்ல. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2014 நவம்பரில் மூடியதையும், சில வருடம் கழித்து அதே இடத்துக்கு சால்காம்ப் வந்ததையும் பார்த்தவர்கள் நீங்கள். வாசலில் போர்டு மாறும், பஸ்ஸில் ஸ்டிக்கர் மாறும், சட்டையில் லோகோ மாறும். இவன் கம்பெனியிலும் மாறியது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேலாளர் வந்து, "பழைய பேரு எங்கயும் இருக்கக் கூடாது. சாஃப்ட்வேர்லயும். திங்கட்கிழமைக்குள்ள முடிச்சிடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சாஃப்ட்வேரில் கம்பெனி பெயர் எங்கே வருகிறது? திரையில் வரும் பெயரை மாற்றுவது சுலபம். உள்ளேயும் ஒரு பெயர் இருக்கிறது. அதற்கு நேம்ஸ்பேஸ் என்று பெயராம். அவன் விளக்கியது எனக்குப் பிடிபடவில்லை. நானே என் பாஷையில் மாற்றிச் சொல்லிப் பார்த்தேன், "அதேதான் டீச்சர்" என்றான்.

என் வகுப்பில் ஒரு வருடம் நாலு செந்தில்குமார் இருந்தார்கள். வருகைப் பதிவில் "செந்தில்குமார்" என்று கூப்பிட்டால் நாலு "உள்ளேன் டீச்சர்". கே. செந்தில்குமார், எம். செந்தில்குமார் என்று முதலெழுத்தோடு கூப்பிட்டால்தான் வேலை நடக்கும். நேம்ஸ்பேஸ் என்பது அந்த முதலெழுத்து மாதிரி. ஊருக்கும் இது உண்டு. "ஒரகடம் போறேன்" என்றால் மெட்ராஸ்காரர்கள் "அம்பத்தூர் ஒரகடமா?" என்று கேட்பார்கள். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் சந்திக்கும் நம்ம ஒரகடம் வேறு, அது வேறு. முன்னால் ஒரு சொல் சேர்ந்தால்தான் எது என்று தெரியும். கம்ப்யூட்டரிலும் "லேபிள்" என்ற பெயரில் இரண்டு பேர் இரண்டு கிளாஸ் எழுதியிருக்கலாம். இது இந்தக் கம்பெனியின் மாடல்ஸைச் சேர்ந்த லேபிள் என்று முழுப்பெயர் சொன்னால் குழப்பமில்லை. அந்த முழுப்பெயரின் முன்பகுதியில்தான் பழைய கம்பெனி பெயர் உட்கார்ந்திருந்தது.

அடுத்தது, டேட்டாபேஸ் என்பது நம் பள்ளிப் பதிவேடுகள் அடுக்கிய பீரோ மாதிரி. சேர்க்கைப் பதிவேடு, வருகைப் பதிவேடு, சத்துணவுப் பதிவேடு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டங்கள். அவன் கம்பெனியில் பாகம், பேட்ச், லேபிள், லாரி என்று நூற்றுக்கும் மேல் இருக்கிறதாம். புரோகிராம் எழுதுகிறவன் ஒவ்வொரு பதிவேட்டுக்கும் அதே கட்டங்களோடு ஒரு கிளாஸ் எழுதினால்தான் அதை எடுத்துப் பேச முடியும். நூறு பதிவேட்டுக்கும் கையால் எழுதினால் கை ஒடிந்துவிடும். அதனால் மைக்ரோசாஃப்ட் 2008-இல் எண்டிட்டி ஃபிரேம்வொர்க் என்று ஒரு கருவி கொடுத்தது. அது டேட்டாபேஸைப் பார்த்துத் தானே எல்லா கிளாஸையும் எழுதித் தந்துவிடும். அதற்கு ஒரு அச்சு உண்டு, டெம்ப்ளேட் என்கிறார்கள். டேட்டாபேஸில் ஒரு கட்டம் கூடினால், மறுபடி ஓட்டினால் போதும். பழைய ஃபைல்களைத் துடைத்துவிட்டு அச்சு புதிதாக எழுதித் தரும்.

"துடைத்துவிட்டு" என்ற சொல்லைக் கவனியுங்கள். அங்கேதான் இவன் மாட்டினான்.

வெள்ளிக்கிழமை ராத்திரி உட்கார்ந்து, மொத்த புரோகிராமிலும் பழைய பெயரைத் தேடி, புதிய பெயரைப் போடு என்று ஒரே கட்டளை கொடுத்தான். நூற்றுக்கணக்கான ஃபைல், இரண்டு நிமிஷம். ஓட்டிப் பார்த்தான், ஓடியது. திங்கட்கிழமை "சபாஷ்" கிடைத்தது. மூன்று மாதம் ஒரு பிரச்சினையும் இல்லை.

மூன்று மாதம் கழித்து டேட்டாபேஸில் ஒரு புதுக் கட்டம் தேவைப்பட்டது. இவனுக்கு வார விடுப்பு. நிரந்தர ஊழியர் ஒருவர் மாடலைத் திறந்து, டேட்டாபேஸிலிருந்து புதுப்பி என்று அழுத்திவிட்டார். அச்சு ஓடியது. அச்சுக்கு என்ன தெரியும்? கம்பெனி கைமாறியது அதற்குத் தெரியாது. அதனிடம் இருந்த பழைய பெயரையே போட்டு எல்லா ஃபைலையும் எழுதிவிட்டது. மற்ற ஃபைல்கள் எல்லாம் புதிய பெயரைத் தேடுகின்றன. திரை முழுக்க சிவப்பு. ராத்திரி பதினொரு மணிக்கு இவனுக்கு போன். "லேபிள் அடிக்கணும், ஒரு மணிக்கு லாரி கிளம்பணும், சீக்கிரம் வா."

நம் பக்கம் கார் கம்பெனிகளுக்குச் சரக்கு எப்படிப் போகிறது என்று அங்கே வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். கிடங்கில் மாதக்கணக்கில் அடுக்கிவைக்க மாட்டார்கள். இன்றைக்கு ஓடும் லைனுக்கு இன்றைக்கே போக வேண்டும். லாரி தாமதமானால் பேச்சு எந்த உயரத்திலிருந்து எந்த ஆழம் வரைக்கும் இறங்கும் என்று நான் சொல்ல வேண்டாம்.

தூக்கக் கலக்கத்தில் பைக்கில் போனவன், சிவப்பு காட்டிய ஃபைல்களில் மட்டும் பெயரைப் பழையபடி திருப்பினான். சிவப்பு போய்விட்டது. லேபிள் அடித்தார்கள், லாரி போனது. மறுநாள் மத்தியானம் சரக்கு திரும்பி வந்தது. லேபிளில் பேட்ச் எண் இருக்கவேண்டிய இடம் சில பெட்டிகளில் காலி.

இது எப்படி என்று எனக்குப் புரியவே இரண்டு வாரம் ஆனது. அந்த மாதிரிக் கருவிகளில், இயந்திரம் எழுதும் கிளாஸில் நாம் கை வைக்கக் கூடாது என்பதற்காகவே ஒரு ஏற்பாடு உண்டு. பார்ஷியல் கிளாஸ் என்று பெயர். 2005-இலிருந்து சி-ஷார்ப் மொழியில் இருக்கிறதாம். ஒரே கிளாஸைப் பாதி ஒரு ஃபைலிலும் பாதி இன்னொரு ஃபைலிலும் எழுதலாம். இயந்திரத்தின் பாதி அதனிடம், நம் பாதி நம்மிடம். புரோகிராம் கட்டப்படும்போது இரண்டும் ஒட்டிக்கொள்ளும். இவன் தன் பாதியில், "பேட்ச் எண் இல்லாமல் லேபிளை ஏற்காதே" என்று ஒரு விதி எழுதியிருந்தான். நல்ல வேலை. ஆனால் இரண்டு பாதியும் ஒட்ட வேண்டுமென்றால் பெயர் மட்டும் ஒன்றாக இருந்தால் போதாது, நேம்ஸ்பேஸும் ஒன்றாக இருக்க வேண்டும். இயந்திரத்தின் பாதி பழைய கம்பெனி பெயருக்குத் திரும்பிவிட்டது. இவன் பாதி புதிய பெயரிலேயே நின்றது. கம்ப்யூட்டர் சண்டை போடவில்லை. கே. செந்திலும் எம். செந்திலும் வேறு வேறு ஆள் என்று நாம் எடுத்துக்கொள்வது போல, இவை இரண்டு தனித்தனி லேபிள் என்று எடுத்துக்கொண்டது. சிவப்பு காட்டாததால் இவனும் அந்த ஃபைலைத் திறக்கவில்லை. விதி, யாரும் கூப்பிடாத ஒரு அநாதை லேபிளிடம் மாட்டிக்கொண்டது. உண்மையில் அச்சாகும் லேபிளுக்கு விதியே கிடையாது.

தப்பு சத்தம் போட்டால் நல்லது. இது சத்தம் போடாமல் ராத்திரி முழுக்க வேலை செய்திருக்கிறது.

மெமோ யாருக்கு? அச்சை ஓட்டியவருக்கு இல்லை. அவர் செய்ததிலும் தப்பில்லை, அது வழக்கமான வேலை. திங்கட்கிழமைக்குள் முடி என்றவருக்கும் இல்லை. ஏஜென்சி மூலம் வேலைக்கு வந்த இவனுக்கு. மூன்று நாள் சம்பளம் பிடித்தம். அடுத்த ஒப்பந்தம் புதுப்பிப்பார்களா என்று தெரியாத பயம் வேறு. பத்து வருடமாக அந்த வாசலில் நுழைகிறான், அடையாள அட்டையில் இருப்பது ஏஜென்சியின் பெயர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் மருமகன் வீட்டில் இருந்தார். சிறுசேரியில் சாஃப்ட்வேர் வேலை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அத்தை, நீங்க பரிதாபப்படறீங்க. ஆனா தப்பு இவர் மேலதான். அந்த மாதிரி ஒவ்வொரு ஃபைல் தலையிலும், இது டெம்ப்ளேட்டிலிருந்து உருவானது, கையால செஞ்ச மாற்றம் மறுபடி உருவாக்கினா அழிஞ்சிடும்னு எழுதியே இருக்கும். படிக்கணும் இல்ல?" என்றார்.

எழுதியிருப்பது உண்மைதான். பையன் லேப்டாப்பில் காட்டினான். நான் மருமகனிடம் ஒன்றுதான் கேட்டேன். "இவன் அந்த ஃபைலைத் திறந்தானா?" திறக்கவில்லை. தேடி மாற்று என்று கட்டளை கொடுத்தால் ஃபைல் திறக்காமலே மாறிவிடுகிறது. எச்சரிக்கை பலகையைக் கதவில் மாட்டிவிட்டு, சுவர் வழியாகப் போகிற வழியையும் நாமே திறந்து வைத்தால் பலகையை யார் படிப்பார்கள்? மருமகன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது சரிதான்" என்றார். என் மருமகன் ஒப்புக்கொள்வது அபூர்வம் என்பதால் இங்கே பதிவு செய்கிறேன்.

என் கருத்து இது. ஒரு பெயரை மாற்றச் சொல்கிறவர், அந்தப் பெயர் எங்கே பிறக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும். அச்சில் பிறக்கிற பெயரை அச்சடித்த தாளில் மாற்றச் சொல்லிவிட்டு, அது திரும்பி வந்ததும் தாளைத் திருத்தியவனைத் தண்டிப்பது நியாயமில்லை. இவனும் கற்றுக்கொள்ள வேண்டியது இருக்கிறது, அதைக் கீழே எழுதுகிறேன். ஆனால் மெமோ இவனோடு நின்றதை என்னால் ஏற்க முடியவில்லை.

என் வீட்டுக்காரர் டூல் ரூமில் முப்பது வருடம் இருந்தவர். ஊஞ்சலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் தலை தூக்காமலே, "டையில பிசிறு இருந்தா டையைத் தேய்க்கணும். வர்ற பீஸையெல்லாம் உட்கார்ந்து தேய்ச்சா ஆயுசுக்கும் தேய்ச்சிட்டே இருக்க வேண்டியதுதான்" என்றார். நான் மூன்று வாரம் புரிந்துகொண்டதை அவர் முக்கால் நிமிஷத்தில் சொல்லிவிட்டார். போகட்டும்.

எனக்கு ஏன் இது இவ்வளவு தைத்தது என்றால், நானே இதைச் செய்தவள்.

முதலில் சிரிப்பான ஒன்று. பழைய செங்கல்பட்டு மாவட்டம் 1997-இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று பிரிந்தது. எங்கள் பள்ளி ரப்பர் ஸ்டாம்பில் பழைய மாவட்டப் பெயர். புது ஸ்டாம்பு வரத் தாமதம். அதுவரைக்கும் ஒவ்வொரு சான்றிதழிலும் ஸ்டாம்பு அடித்து, மாவட்டப் பெயரைப் பேனாவால் அடித்து, மேலே "காஞ்சிபுரம்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவோம். நான் விடுப்பில் இருந்த ஒரு நாள், வேறு ஆசிரியர் வந்து, விஷயம் தெரியாமல் ஸ்டாம்பு மட்டும் அடித்துக் கொடுத்துவிட்டார். அந்தப் பெற்றோர் இரண்டு முறை தாலுகா ஆபீஸுக்கு அலைந்தார்கள். ஸ்டாம்பு செய்ய அன்றைக்கு ஆகியிருக்கும் செலவு ஒரு குடும்பத்தின் பஸ் காசை விடக் குறைவு. (2019 நவம்பரில் செங்கல்பட்டு மறுபடி தனி மாவட்டமானது. நான் அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டேன், பிழைத்தேன்.)

அடுத்தது சிரிப்பில்லை. எந்த வருடம், எந்தப் பள்ளி என்று சொல்ல மாட்டேன். ஒரு பெண் பிள்ளைக்குச் சேர்க்கைப் பதிவேட்டில் முதலெழுத்தைத் தவறாக எழுதிவிட்டேன். அப்பா பெயரில் இருந்து எடுக்க வேண்டியதை, கூட வந்த தாய்மாமா பெயரில் இருந்து எடுத்துவிட்டேன். ஐந்தாம் வகுப்பு முடித்து மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தபோது அவள் அம்மா கண்டுபிடித்தார். பதிவேட்டைத் திருத்த மேலதிகாரி ஆணை வேண்டும். கடிதம் எழுத வேண்டும், அலைய வேண்டும். "இதுல மாத்திக் கொடுத்துடறேன்மா, இனிமே இதுதானே போற இடமெல்லாம் போகும்" என்று சான்றிதழில் மட்டும் சரியான முதலெழுத்தைப் போட்டுக் கொடுத்தேன். அந்த அம்மா கும்பிட்டுவிட்டுப் போனார். எனக்கும் ஒரு நல்ல காரியம் செய்த திருப்தி.

பல வருடம் கழித்து அந்தப் பெண் மழை வெள்ளத்தில் பழைய காகிதங்களைத் தொலைத்துவிட்டாள். பள்ளியில் நகல் கேட்டாள். நகல் எதைப் பார்த்து எழுதுவார்கள்? பதிவேட்டைப் பார்த்து. நான் புதைத்து வைத்த தப்பு முதலெழுத்து அப்படியே வெளியே வந்தது. ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர இருந்தாள். ஆதாரில் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் ஒன்று. "சரிபண்ணிட்டு வாம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். அந்த பேட்ச் போய்விட்டது. அடுத்ததற்கு நாலு மாதம். அவள் வீட்டுக்கு அந்த நாலு மாதம் என்ன என்று எனக்குத் தெரியும். அவள் என்னைத் திட்டவில்லை. "நீங்க நல்லதுதான் டீச்சர் நினைச்சீங்க" என்றாள். திட்டியிருக்கலாம்.

அந்தப் பெண் இந்தப் பக்கத்தைப் படிக்கிறாள். மன்னிப்பு முன்னமே கேட்டுவிட்டேன், இப்போது எல்லோர் முன்னாலும்.

மறுபடி கம்ப்யூட்டருக்கு வருகிறேன். நம் பையனும் நானும் மட்டும் இப்படி இல்லை. 2020 ஜூனில் நம் அரசு 1018 ஊர்களின் பெயரை ஆங்கிலத்தில் தமிழ் உச்சரிப்புப்படி எழுத வேண்டும் என்று அறிவித்தது நினைவிருக்கும். எண்ணம் நல்லது. நான் தமிழாசை உள்ளவள், ஸ்ரீபெரும்புதூரைத் திருப்பெரும்புதூர் என்று எழுதினால் எனக்கு இன்னும் சந்தோஷம். ஆனால் எழுத்து இப்படியா அப்படியா என்று எல்லாப் பக்கமும் விவாதம் கிளம்பி, ஒரு வாரம் போல ஆவதற்குள் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஊர்ப் பெயர் போர்டில் மட்டுமா இருக்கிறது? பத்திரம், பாஸ்போர்ட், ரயில் டிக்கெட் என்று அதைப் பிடித்துத் தொங்குகிறவை எத்தனை!

உலகப் பெரிய கம்பெனிகளுக்கும் இதே பாடு. மருமகன் சொன்னது: ஜாவா என்று ஒரு மொழி. அதில் டேட்டாபேஸ் மாடல் எழுதுகிறவர்கள் வருடக்கணக்காக ஜாவாஎக்ஸ் என்று தொடங்கும் நேம்ஸ்பேஸைப் பயன்படுத்தினார்கள். ஆரக்கிள் நிறுவனம் 2017-இல் அந்தத் திட்டத்தை எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைக்க முடிவு செய்தது. வீட்டைக் கொடுத்தார்கள், பெயர்ப்பலகை உரிமையைக் கொடுக்கவில்லை. ஜாவா என்ற வணிகப் பெயர் ஆரக்கிளுடையது. பேசிப் பார்த்து ஒத்துவரவில்லை என்று 2019-இல் அறிவித்தார்கள். 2020 இறுதியில் வந்த ஜகார்த்தா ஈஈ 9-இல் ஜாவாஎக்ஸ் என்ற இடத்தில் எல்லாம் ஜகார்த்தா என்று மாற்றினார்கள். 2022 நவம்பரில் ஸ்பிரிங் பூட் 3 வந்தபோது அதற்குப் போக விரும்பியவர்கள் எல்லோரும் மாற்றித்தான் ஆக வேண்டும். கையால் எழுதிய ஃபைலில் தேடி மாற்றலாம். இயந்திரம் எழுதிய ஃபைலில் தேடி மாற்றினால்? அடுத்த முறை ஓட்டியதும் பழைய ஜாவாஎக்ஸே வந்து நிற்கும். புதிய பெயர் தெரிந்த புதிய கருவியை வாங்கிப் போட வேண்டும், அல்லது கருவியின் அமைப்பில் மாற்ற வேண்டும். இத்தனைக்கும் ஜாவாவில் அந்தப் பெயர் மாற்றத்தால் எந்த வேலையும் புதிதாக நடக்கவில்லை. உரிமை யாரிடம் என்ற ஒரே காரணம்.

இதில் மருமகன் ஒரு நல்ல கேள்வி கேட்டார். "உள்ளே யார் கண்ணுக்கும் தெரியாத பெயரை எதுக்கு அத்தை மாத்தணும்? பழைய பேரே இருந்துட்டுப் போகட்டுமே. யாருக்கு நஷ்டம்?" எனக்கு இது முக்கால்வாசி சரி என்று படுகிறது. வாங்குகிறவர் யாரும் நேம்ஸ்பேஸைப் பார்ப்பதில்லை. ஆனால் கால்வாசி இடிக்கிறது. புதிதாக வேலைக்கு வருகிறவன் பழைய பெயரைப் பார்த்து, இது நம்முடையதா, வேறு யாருடையதா என்று குழம்புவான். ஆக, மாற்று, அல்லது விடு. பாதி மாற்றி பாதி விடுவதுதான் ஆபத்து. முதலாளிமார் பெருமைக்காக மாற்றச் சொன்னால், அதற்கான நாட்களையும் கொடுக்கட்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சொல்லி திங்கட்கிழமை கேட்கிற பெருமை எனக்குப் புரியவில்லை.

சரி, எப்படிச் செய்திருக்க வேண்டும்? என் மாணவர்கள் பலர் இந்த மாதிரி வேலையில் இருப்பதால் மருமகன் சொன்னதையும் பையன் பிறகு செய்து காட்டியதையும் எழுதுகிறேன்.

விஷுவல் ஸ்டூடியோவில் புராஜெக்டின் பண்புகளில் இயல்பு நேம்ஸ்பேஸ் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அச்சு பெயரை அங்கிருந்துதான் எடுக்கிறது. இவன் புரோகிராம் ஃபைல்களில் மட்டும் தேடி மாற்றியதால் அந்தக் கட்டம் தப்பிவிட்டது. மாடலுக்கு மட்டும் தனிப் பெயர் வேண்டுமென்றால், டெம்ப்ளேட் ஃபைலைத் தேர்ந்தெடுத்து அதன் பண்புகளில் கஸ்டம் டூல் நேம்ஸ்பேஸ் என்ற இடத்தில் எழுத வேண்டும். இங்கே ஒரு பள்ளம். டெம்ப்ளேட் ஒன்றில்லை, இரண்டு. கிளாஸ்களுக்கு ஒன்று, டேட்டாபேஸோடு பேசும் கான்டெக்ஸ்டுக்கு ஒன்று. ஒன்றில் மாற்றி மற்றதை மறந்தால் ஒன்றையொன்று தெரியாமல் நிற்கும். அந்தக் கருவியின் புதிய வடிவமான ஈஎஃப் கோரில் 2020 நவம்பரில் வந்த ஐந்தாம் பதிப்பிலிருந்து, உருவாக்கும் கட்டளையிலேயே நேம்ஸ்பேஸைச் சொல்லிவிடலாமாம், கான்டெக்ஸ்டுக்கு வேறு பெயர் வேண்டுமென்றால் அதையும். அப்படியானால் அந்தக் கட்டளையை எழுதி வைக்க வேண்டும். ஒருவர் தலைக்குள் இருந்தால் அவர் வேலையை விட்டுப் போகும்போது கூடவே போய்விடும்.

பிறகு நம் கையால் எழுதிய பார்ஷியல் பாதிகளை ஒவ்வொன்றாகத் திறந்து, அவையும் அதே நேம்ஸ்பேஸில் இருக்கின்றனவா என்று கண்ணால் பார்க்க வேண்டும். சிவப்பு வரவில்லை என்பதை நம்பக் கூடாது.

எனக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்தது, மாற்றிய அன்றைக்கே வேண்டுமென்று ஒருமுறை அச்சை ஓட்டிப் பார்ப்பது. டேட்டாபேஸில் ஒன்றும் மாறாத நாளில், பகல் வெளிச்சத்தில், லாரி காத்திருக்காத நேரத்தில். பழைய பெயர் திரும்பி வருகிறதா பார். வந்தால் வேர் அறுக்கவில்லை என்று அர்த்தம். வெள்ளிக்கிழமை ராத்திரி ஓடியது என்றதும் இவன் எழுந்து போனானே, அந்த இடத்தில் இன்னும் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து இதைச் செய்திருந்தால் மெமோ இல்லை. "இதை யாராவது எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கலாம் டீச்சர்" என்றான். "சொல்லிக் கொடுக்காத கேள்வி பரீட்சையில வந்துடுச்சுன்னு அன்னிக்கும் இதையேதானடா சொன்னே" என்றேன். சிரித்தான். வந்ததிலிருந்து அப்போதுதான் சிரித்தான்.

பக்கத்து வீட்டு ரிடையர்டு ஹெச்.எம். ஒருவர், "இனிமே ஏஐயே எல்லாக் கோடையும் எழுதிடும், இந்தக் கவலையே இல்லை" என்கிறார். எனக்குக் கவலை கூடுகிறது. எழுதியது யார் என்று தெரியாத ஃபைல் கூடக் கூட, எதில் நாம் கை வைக்கலாம், எதில் கூடாது என்று தெரிந்தவன்தான் தேவைப்படுவான். அப்படித் தெரிந்தவனை ஏஜென்சி அட்டையில் வைத்துக்கொண்டு, மெமோ மட்டும் நேரடியாகக் கொடுக்கிறார்கள்.

மெமோவுக்குப் பதில் எழுத நானும் உதவினேன். தமிழில் நான் எழுதினேன், ஆங்கிலத்தில் மருமகன். மன்னிப்பு ஒரு வரி, நடந்தது என்ன என்று பத்து வரி, இனி நடக்காமலிருக்க எங்கே மாற்ற வேண்டும் என்று ஐந்து வரி. மேலாளர் படித்துவிட்டு அந்த ஐந்து வரியைப் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டச் சொன்னாராம். சம்பளப் பிடித்தத்தைத் திருப்பித் தரவில்லை. ஒப்பந்தம் அடுத்த மாதம் தெரியும்.

ஒரகடம், வல்லம் வடகால், இருங்காட்டுக்கோட்டை பக்கம் கம்பெனிகளில் பெரிய பொறுப்பில் இருக்கும் என் பிள்ளைகள் சிலர் இதைப் படிப்பீர்கள். உங்களுக்குக் கீழே ஏஜென்சி மூலம் வந்த பையன்கள் எத்தனை பேர், அவர்களிடம் கடைசியாக வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்ன வேலை சொன்னீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். இந்தப் பையனுக்கு உங்கள் இடத்தில் நிரந்தரமாக ஒரு வேலை இருந்தாலும் எழுதுங்கள். இந்தத் தப்பை அவன் இனிமேல் செய்ய மாட்டான் என்பதற்கு நான் கையெழுத்துப் போடுகிறேன்.

பின்னூட்டத்தில் பெயரோடு முதலெழுத்தும் படித்த வருடமும் போடுங்கள். போன பதிவுக்கு மூன்று செந்தில்குமார் வாழ்த்துச் சொல்லியிருந்தீர்கள், யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்